பல்வங்கர் பாலு: எண்ணிக்கைக்கு இந்து, தலைமைக்குத் தீண்டத்தகாதவர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பருத்திப்பட்டிலும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தின் பிற குடியிருப்புகளிலும் கிரிக்கெட் போட்டிகள் களைகட்டத் தொடங்கும். அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளையொட்டி நம் இளைஞர்கள் நடத்தும் போட்டிகள் அவை. பதாகையில் அம்பேத்கர் இருப்பார். அருகில் இன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரும் இருப்பார். பல்வங்கர் பாலுவின் படத்தை அந்தப் பதாகைகளில் நாம் கண்டதில்லை. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் அவர். இளம் அம்பேத்கர் வியந்து போற்றிய மனிதர். பின்னாளில் அதே அம்பேத்கரை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றவரும் அவரே.

இந்த மறதிக்கு இரண்டு தரப்பினர் பொறுப்பு. இந்தியக் கிரிக்கெட்டின் அதிகாரபூர்வ வரலாறு, 1932 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து தன் கணக்கைத் தொடங்குகிறது. அப்போது பாலுவுக்கு வயது 56. எனவே அந்தக் கணக்கில் அவர் இல்லை. தலித் இயக்கமோ, 1937ஆம் ஆண்டுத் தேர்தலை நினைத்து அவரைப் பற்றிப் பேசத் தயங்குகிறது. இரு தரப்பும் விட்டுவிட்ட அந்த வாழ்க்கையை முழுமையாகப் பார்ப்பது இன்று நமக்குத் தேவை என்று கருதுகிறோம்.

முகாமின் ஓரத்தில்

பாலு 1876 மார்ச் 19 அன்று தார்வாடில் பிறந்தார். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்த குடும்பம். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்ற ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தையின் பிழைப்பு பூனாவின் இராணுவ முகாமைச் சார்ந்திருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டத்தைக் கற்றார்கள்.

ஆவடியை ஒட்டி வாழும் நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நிலத்தில், இராணுவ முகாமும் அதைச் சார்ந்த தொழிற்சாலையும் ஒடுக்கப்பட்டோருக்கு ஊதியமும் எழுத்தறிவும் ஓரளவு மூச்சுவிட இடமும் அளித்தன. அம்பேத்கரின் தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். சென்னை மாகாணத்தின் முன்னோடித் தலைவர் எம்.சி. ராஜா பிறந்தது, முகாம் நகரமாக விளங்கிய பரங்கிமலையில். பாலுவும் அந்தத் தலைமுறையின் பிள்ளை.

அவருடைய முதல் வேலை பார்சிகள் நடத்திய கிரிக்கெட் சங்கம் ஒன்றில் அமைந்தது. ஆடுகளத்தைக் கூட்டி உருளையால் சமன்படுத்த வேண்டும். உறுப்பினர்கள் கேட்டால் பந்து வீச வேண்டும். சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892ஐ ஒட்டி, ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கோடு போடுவது, வலை கட்டுவது, டென்னிஸ் களத்தைச் சீர்செய்வது ஆகியவை அங்கே அவருடைய பணிகள். வலைப்பயிற்சியில் வீசத் தொடங்கிய பிறகுதான் அந்த இடக்கையின் ஆற்றல் தெரிந்தது. அன்றைய இந்தியாவின் மிகச் சிறந்த ஐரோப்பிய மட்டையாளர்களுள் ஒருவரான ஜே.ஜி. கிரெய்க், பாலுவின் பந்துகளில் நாள்தோறும் பயிற்சி எடுத்தார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாதம் 4 ரூபாய் பெறுபவருக்கு எட்டணா என்பது நான்கு நாள் கூலிக்கு நிகர்.

ஆனால் அந்தக் கிளப்பில் பாலுவின் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு. மட்டை பிடிப்பது சீமான்களின் கலை. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வருணப் பிரிவினை இருந்தது. பாலு ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்துக் கற்றதெல்லாம் அந்தப் பிரிவினையின் கீழ்ப்படியில் நின்றுதான்.

மண்குவளையும் மாலையும்

பூனாவின் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை வெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. வெல்வதற்குத் தேவையான பந்துவீச்சாளரோ தீண்டத்தகாதவராக இருந்தார். அணியில் இருந்த பிராமணர்களுள் சிலர் பாலுவைச் சேர்க்கலாம் என்றனர், சிலர் எதிர்த்தனர். இறுதியில் வெற்றியின் மீதான ஆசை வென்றது. பாலு சேர்க்கப்பட்டார்.

சேர்க்கப்பட்ட விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். களத்தில் பாலு தொட்ட பந்தையே மற்ற பத்துப் பேரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குக் கூடத்துக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. பகலுணவு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், அவரைப் போலவே தீண்டத்தகாத பணியாளர் ஒருவர் வந்து ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையை எதிர்த்து வழக்காடிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு என்றால், தீட்டு என்பது நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. தேவைக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது. ஆதிக்கச் சாதிக்கு ஆதாயம் கிடைக்கும் இடத்தில் அது தளர்ந்தது. சமத்துவம் கேட்கும் இடத்தில் இறுகியது.

பாலுவின் பந்துவீச்சால் பூனா வென்றபோது புகழ்மொழிகள் குவிந்தன. சீர்திருத்தவாதியான எம்.ஜி. ரானடே பொது மேடையில் மாலை அணிவித்தார். சேர்ந்து விளையாடுவோர் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். திலகரும் பாலுவைப் பாராட்டினார். கழுத்துக்கு மாலை வந்த வேகத்தில் கைக்குப் பொதுக்குவளை வரவில்லை.

1890களின் இறுதியில், பூனாவைக் கொள்ளைநோய் தாக்கிய காலத்தில், பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். இரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கிருந்த இந்து ஜிம்கானாவில் சேர்வதற்கும் எதிர்ப்பு இருந்தது. அதை மீறித்தான் உள்ளே சென்றார். அக்காலப் பம்பாய்க் கிரிக்கெட்டில் அணிகள் மதத்தின் பெயரால் அமைந்திருந்தன. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் ஆகியோருடன் 1912 முதல் முஸ்லிம்களும் சேர்ந்து நாற்கோணப் போட்டி நடந்தது. கோவிலுக்குள் நுழைய முடியாத பாலு, களத்தில் இந்துக்களின் முதன்மைப் பந்துவீச்சாளர்.

1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் தோற்கடித்தார்கள். வெற்றிக்கு வழிசெய்தவர்களுள் முதன்மையானவர் பாலு. சிவராமும் அந்த அணியில் இருந்தார். சுதேசி இயக்கத்தின் சூட்டில் இருந்த நாடு அதை ஆட்சியாளர் மீதான வெற்றியாகவே கொண்டாடியது. சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னர் பம்பாய்க்கு இடம்பெயர்ந்த இந்தியன் சோஷியல் ரிஃபார்மர் இதழின் ஆசிரியர் தமிழரான கே. நடராஜன். அந்த இதழ் இந்த வெற்றியை வேறு கோணத்தில் பார்த்தது. சாதித் தடையைத் தளர்த்தியதால்தான் வெற்றி வாய்த்தது என்றும், களத்தில் முடிந்தது சமூகத்திலும் முடிய வேண்டும் என்றும் அது வாதிட்டது.

இங்கிலாந்து, 1911

1911இல் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்கின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணித்தலைவருக்கு வயது 19. அவரது கோடைக்காலத்தின் பெரும்பகுதி விருந்துகளிலும் அரச நிகழ்ச்சிகளிலும் கழிந்தது. பந்துவீச்சின் சுமை 35 வயது பாலுவின் தோளில் விழுந்தது.

அந்தப் பயணத்தில் அணி 23 ஆட்டங்களில் 6ஐ மட்டுமே வென்றது, 15இல் தோற்றது. தோற்றுக்கொண்டிருந்த அந்த அணிக்காகப் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியர் வென்றபோது, இரு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டுகள். ஆங்கிலேயர்களின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் வில்ஃப்ரெட் ரோட்ஸுடன் அவரை ஒப்பிட்டார்கள். வாழ்நாள் முழுவதிலும் அவர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 33 மட்டுமே. எடுத்த விக்கெட்டுகள் 179. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது சராசரியாக 15 ஓட்டங்களுக்குச் சற்றே அதிகம்.

பம்பாய் திரும்பியவரை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கூடி வரவேற்றார்கள். அந்த விழாவின் வரவேற்பிதழை எழுதி அளித்தவர், எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா பதிவு செய்கிறார். அம்பேத்கர் பொதுவெளியில் தோன்றிய மிகத் தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்று அது. தம் மக்களுள் ஒருவர் உலகின் முன்னால் நிமிர்ந்து நின்றதை அந்த இளைஞர் கண்ணாரக் கண்டார். பின்னாளில் நடந்தவற்றைப் பேசும்போது இந்தத் தொடக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

பத்தாண்டு மறுப்பு

திறமை நிரூபிக்கப்பட்டுவிட்டது. மூப்பும் அவருடையதே. 1910க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலத்தில், இந்துக்கள் அணியின் தலைமை பாலுவுக்குத் தரப்பட வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுந்தது; ஆண்டுதோறும் நிராகரிக்கப்பட்டது. தலைமை பிராமணரான எம்.டி. பை வசமே இருந்தது. 1913இல் தமக்கு நடந்த பாராட்டு விழாவில், இந்தப் பெருமை மூத்த ஆட்டக்காரரான பாலுவுக்கே உரியது என்று பை வெளிப்படையாகச் சொன்னார். எதிரணியில் நிற்பவர் ஒப்புக்கொண்ட உண்மைக்கு வேறு சாட்சியம் தேவையில்லை என்பது வழக்காடுவோருக்குத் தெரியும். பதவியை வகித்தவரே ஒப்புக்கொண்ட பிறகும் தேர்வுக்குழு அசையவில்லை.

இதற்கிடையே சிவராமையடுத்துக் கண்பத், விட்டல் ஆகிய தம்பிகளும் களத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே அணியில் நான்கு சகோதரர்கள் ஆடினார்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். ஒருவர்கூடக் கட்டளையிடக் கூடாது என்பதே எழுதப்படாத விதி.

1920இல் அது வெடித்தது. பை உடல்நலமின்றி முதல் ஆட்டத்துக்கு வரவில்லை. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்தார். தலைமை, சிறந்த ஆட்டக்காரராகத் திகழ்ந்த விட்டலுக்கு வராமல், பூனாவின் டி.பி. தேவ்தருக்குப் போனது. விட்டலும் சிவராமும் அணியைவிட்டு வெளியேறினார்கள். சாதியின் காரணமாகவே புறக்கணிக்கப்பட்டோம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் ஏதுமற்ற காலத்தில் இரண்டு விளையாட்டு வீரர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. பம்பாயில் எழுந்த விவாதத்தின் அழுத்தத்தில் ஜிம்கானா இறங்கிவந்தது. பார்சிகளுடனான இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்பினார்கள், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பை களத்தைவிட்டு வெளியேற, சிறிது நேரம் இந்துக்களின் அணியைப் பாலு வழிநடத்தினார். 44 வயதில் அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

முழுமையான தலைமை 1923இல் தம்பி விட்டலுக்கு வந்தது. அந்த ஆண்டு அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றபோது, சாதி இந்துக்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். அங்குள்ள கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியை ஊடுருவி ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். அந்த இடத்தில் ஆடிய கறுப்பினத்தவரான ஃப்ரிட்ஸ் பொல்லார்ட், 1920இல் ஆக்ரன் அணியைத் தொழில்முறைக் கூட்டமைப்பின் முதல் வெற்றியாளர் ஆக்கியவர்களுள் ஒருவர். 1921இல் அதே அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. 1934 முதல் 1945 வரை அந்தக் கூட்டமைப்பில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் வந்தது 1989இல். அங்கே நிறம், இங்கே சாதி. ஓடவும் வீசவும் உடல் வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் அந்த உடலுக்குரிய மனிதர் வேண்டாம் என்பதில் இரண்டும் ஒன்றே.

ஒரே அனுபவம், இரு முடிவுகள்

பாலுவின் அரசியலை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். அவர் காந்தியைப் போற்றினார். சாதி இந்துக்களின் மனம் மாறும் என்று நம்பினார். அவர் கண்ணெதிரில் சிறிது மாறியும் இருந்தது. மண்குவளையில் தொடங்கிய பயணம் தம்பியின் தலைமையில் வந்து நின்றதைக் கண்டவர் அவர்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித் தொகுதிகளை அறிவித்தது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். சமரசத்துக்கு வருமாறு அம்பேத்கரை வற்புறுத்தியவர்களுள் எம்.சி. ராஜாவும் பாலுவும் இருந்தார்கள். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோருடன் பாலுவின் கையெழுத்தும் உள்ளது. மாகாணச் சட்டமன்றங்களில் 71 தனித் தொகுதிகளுக்குப் பதிலாக 148 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. ஆனால் இறுதித் தேர்வு கூட்டு வாக்காளர்களின் கைக்கு, அதாவது எண்ணிக்கையில் மிகுந்த சாதி இந்துக்களின் கைக்குப் போனது.

இந்து ஜிம்கானாவின் விதியே இங்கு நாட்டின் விதியானது என்பது நம் கருத்து. தலித்துகள் இந்துக்களின் எண்ணிக்கையில் அடங்க வேண்டும். அவர்களுக்கு யார் தலைவர் என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். அம்பேத்கர் அஞ்சியது இதையே. பாலு தம் வாழ்க்கையின் கடைசி அத்தியாயமான 1923ஐப் பார்த்தார். அம்பேத்கர் அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்த்தார்.

1935 அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தபோது, பாலு அதை எதிர்த்தார். 1937 தேர்தலில் பைகுல்லா, பரேல் பகுதியில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு பெற்றது 11,225. தலித் தலைவரை வீழ்த்தத் தலித் ஒருவரையே நிறுத்தும் உத்தியின் தொடக்ககால உதாரணம் இது. 1952 மக்களவைத் தேர்தலில் வட பம்பாயில் கஜ்ரோல்கரை நிறுத்தி, காங்கிரஸ் அதே வழியில் அம்பேத்கரைத் தோற்கடித்தது. 1937இல் தவறியது 1952இல் பலித்தது.

பாலு எடுத்த அரசியல் நிலைப்பாடு தவறு என்றே நாம் கருதுகிறோம். அதை மென்று விழுங்க வேண்டியதில்லை. சென்னையில் இதே நம்பிக்கையோடு கூட்டுத் தொகுதியை ஏற்ற எம்.சி. ராஜா, 1938இல் கோவில் நுழைவுக்கான தம் மசோதாவை ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சி ஏற்க மறுத்தபோது அந்த நம்பிக்கையின் விலையை அறிந்தார். ஆனால் தவறான முடிவு எடுத்தவர் என்பதால் ஒருவர் சந்தித்த அநீதி பொய்யாகிவிடாது. பாலுவின் நம்பிக்கையைச் சாதி இந்துக்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுள் ஒன்றே. அவருடைய இடக்கையைப் பயன்படுத்தியதைப் போலவே அவருடைய பெயரையும் பயன்படுத்தினார்கள்.

பதாகையில் ஓரிடம்

1955 ஜூலை 4 அன்று பாலு பம்பாயில் மறைந்தார். அப்போது அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. இந்தியக் கிரிக்கெட்டின் உள்நாட்டுக் கோப்பைகளுள் ஒன்று தேவ்தரின் பெயரைத் தாங்கியிருந்தது. தேவ்தரின் சாதனைகளை நாம் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு நினைவு உண்டு, பாலுவுக்கு இல்லை என்பது தற்செயல் என்று ஏற்க மட்டும் நம்மால் இயலவில்லை.

இடஒதுக்கீட்டு வழக்குகளில் தகுதி என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். தகுதி இருந்தால் சாதி தடையாகாது என்று அங்கே வாதிடப்படுகிறது. ஓட்டங்களும் விக்கெட்டுகளும் எண்ணால் அளக்கப்படும் களம் கிரிக்கெட். அளவுகோல் அத்தனை தெளிவாக இருந்த இடத்திலேயே, நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்குப் பத்தாண்டுகள் தலைமை மறுக்கப்பட்டது. அப்படியிருக்க, நேர்காணல் அறையிலும் பதவி உயர்வுக் கோப்பிலும் நீதிபதிகள் தேர்விலும் அளவுகோல் நடுநிலையாக இருக்கும் என்று நம்பச் சொல்வது என்ன நியாயம்?

வரும் ஏப்ரலில் நம் இளைஞர்கள் போட்டி நடத்தும்போது, அண்ணலின் படத்துக்குக் கீழே பாலுவின் படத்தையும் வையுங்கள். 1911இல் எடுத்த 114 விக்கெட்டுகளையும், 1920இல் அவருடைய தம்பிகள் நடத்திய வெளிநடப்பையும், 1937இல் அவர் பெற்ற 11,225 வாக்குகளையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த இருவரும் ஒரே பதாகையில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை நம்முடையது.